முதலைக் காத்து விருத்தியை உண்ணுதல்
மீஞ்சூர் நிலத்தடி நீரைக் கொண்டு கற்கும் ஒரு பாடம்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களின் படிப்பு வட்டங்களில் வாசிப்பதற்குரியது)

1. பாடத்தின் நோக்கம்

செல்வம் இருவகைப்படும். வீடு, வயல், நகை, கால்நடை முதலியவை தனி மனிதருக்கு உரியவை. ஏரி, கால்வாய், ஆறு, மேய்ச்சல் தரை, நிலத்தின் கீழுள்ள நீர், சங்கத்தின் சேமநிதி ஆகியவை ஊரார் யாவருக்கும் பொதுவானவை. தனிச் சொத்தில் ஒரு காணி குறைந்தால் அதன் சொந்தக்காரர் அன்றே அறிவார்; இரவில் உறங்கமாட்டார். பொதுச் சொத்தில் பாதி குறைந்தாலும் அதைக் கவனிப்பவர் அரியர். எல்லாருக்கும் சொந்தமாயிருப்பதாலேயே அது ஒருவருடைய பொறுப்பிலும் இல்லாமற் போகின்றது.

இப்பொதுச் செல்வத்திற்கு மற்றொரு தன்மையும் உண்டு. இன்று உயிரோடிருப்பவர்கள் மட்டும் அதற்கு உரியவர்களல்லர். இனிப் பிறக்கப்போகும் சந்ததியாருக்கும் அதில் பாத்தியதை உண்டு. ஆனால் அவர்கள் மகாசபைக் கூட்டத்திற்கு வந்து கை தூக்க இயலாது. ஆட்சேபனை மனுக் கொடுக்கவும் இயலாது. ஆகையால் அவர்களுடைய பங்கை இன்றிருப்பவர்களே தர்மகர்த்தர்களாக இருந்து காக்கவேண்டும். இதை எங்ஙனம் செய்வது என்பதே இப்பாடத்தின் பொருள். இதற்கு உதாரணம் தேடித் தூர தேசம் போகவேண்டியதில்லை. திருவள்ளூர் ஜில்லா, பொன்னேரித் தாலுகாவிலுள்ள மீஞ்சூரே போதிய உதாரணமாகும்.

2. மீஞ்சூர் பெற்றிருந்த ஐசுவரியம்

மீஞ்சூர் சென்னைக்கு வடக்கே, கூடூர் செல்லும் இருப்புப் பாதையில் உள்ளது. கிழக்கே ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் வங்கக் கடல். வடக்கே ஆரணியாறு பழவேற்காட்டை நோக்கியும், தெற்கே கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கியும் செல்கின்றன. இவ்விரண்டு ஆறுகளும் பன்னெடுங் காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டலும் மணலுமே இப்பிரதேசத்தின் தரையாகும். மணற் படுகைகளும் களிமண் படுகைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரந்திருக்கின்றன. ஆறுகள் பழைய காலத்தில் ஓடிப் பின்பு கைவிட்ட தடங்களும் மண்ணின் கீழே புதைந்து கிடக்கின்றன.

இம்மணற் படுகைகள் ஒரு பெரிய களஞ்சியம் போன்றவை. மழைக் காலத்தில் ஆற்றிலும் ஏரியிலும் வயலிலும் நிற்கும் நீர் சிறிது சிறிதாக இறங்கி மணலின் இடுக்குகளில் தங்குகின்றது. வெயிலால் வற்றுவதில்லை, தூசி படிவதில்லை, காவற்காரனும் தேவையில்லை. இப்பக்கத்து விவசாயிகள் அதிக ஆழம் தோண்டாமலே நல்ல நீர் பெற்று, நெல்லும் காய்கறியும் பயிரிட்டு வந்தது இக்களஞ்சியத்தினாலேயே.

1966 முதல் 1969 வரை, ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு, ஆரணி, கொசஸ்தலை ஆறுகளின் வடிநிலத்தில் நிலத்தடி நீரைப்பற்றி விரிவான ஆராய்ச்சி நடைபெற்றது. அதன் பயனாக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்னும் மூன்று இடங்கள் சிறந்த கிணற்றுத் தொகுதிகளாகக் கண்டறியப்பட்டன. ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கப்பெற்று, சென்னை நகரத்திற்கும் மணலியிலுள்ள பெரிய தொழிற்சாலைகளுக்கும் இங்கிருந்து நீர் சென்றது. இராஜதானி நகரமாயிருந்த ஒரு பட்டணத்திற்கும், அதன் தொழில்களுக்கும் நீர் அளிக்கக்கூடிய செல்வம் ஒரு சிற்றூரின் அடியில் இருந்ததென்றால் அதன் பெருமை சொல்லவும் வேண்டுமோ!

3. செல்வம் குறைந்த விதம்

கிணற்றிலிருந்து நீர் எடுப்பதில் யாதொரு குற்றமுமில்லை. களஞ்சியம் இருப்பது உண்பதற்காகவே. ஆனால் வருஷந்தோறும் மழையினால் வந்து சேரும் நீர் எவ்வளவோ அவ்வளவே எடுத்தல் விருத்தியை உண்பதாகும். அதற்கு மேற்பட எடுத்தல் முதலில் கை வைப்பதாகும். சங்கத்தில் வைத்த நிரந்தர டிபாசிட்டின் வட்டியை வாங்கிச் செலவழிப்பவருக்கும், டிபாசிட்டையே மாதாமாதம் உடைப்பவருக்கும் உள்ள வித்தியாசம் இதுவே. இருவரும் ஒரே ரொக்கத்தைத்தான் கையில் வாங்குகிறார்கள். ஆனால் ஒருவர் வீட்டில் அடுப்பு என்றும் எரியும்; மற்றவர் வீட்டில் சில வருஷங்களில் அணையும்.

மீஞ்சூரில் நடந்ததும் இதுவே. நகரத்திற்கும் தொழிற்சாலைகளுக்கும் இறைத்தது ஒருபுறம். விவசாயிகள் தத்தம் நிலங்களில் பம்புசெட்டு வைத்து இறைத்தது மற்றொரு புறம். 1990-ஆம் வருஷம் முதல் விவசாயப் பம்புகளுக்கு மின்சாரக் கட்டணம் இல்லாமற் போனபின், இறைக்கும் நீருக்குக் கணக்குப் பார்க்கும் வழக்கமும் குறைந்தது. நீர்மட்டம் தாழத் தாழ ஒவ்வொருவரும் தம் குழாயை இன்னும் ஆழமாக இறக்கினர். அண்டை நிலத்தார் ஆழப்படுத்தினால் இவரும் ஆழப்படுத்தவேண்டியதாயிற்று. ஒவ்வொருவரும் தமக்கு நியாயமானதையே செய்தனர். ஆயினும் எல்லாரும் சேர்ந்து எல்லாருக்கும் தீங்கு விளைவித்தனர். பொதுச் சொத்து அழிவதற்குத் துஷ்டர்கள் தேவையில்லை. பொது ஏற்பாடு இல்லாமலிருந்தால் போதும்.

உள்நாட்டில் இப்படி நேர்ந்திருந்தால் கிணறு வற்றுவதோடு நிற்கும். நல்ல மழை பெய்தால் மறுபடியும் ஊறும். கடலோரத்திலோ இதைவிடக் கொடிய விளைவு உண்டு. அதன் காரணத்தை அங்கத்தினர்கள் நன்கு தெரிந்துகொள்ள வேண்டும்.

4. கடல் நீர் உட்புகுவதன் காரணம்

கடல் நீர் உப்பு மிகுந்ததாகையால் நல்ல நீரைவிடச் சற்றுக் கனமானது. நல்ல நீர் 1,000 பங்கு எடையிருந்தால் அதே அளவு கடல் நீர் ஏறக்குறைய 1,025 பங்கு இருக்கும். கடலோர மண்ணின் கீழே கனமான உப்பு நீர் அடியிலும், இலேசான நல்ல நீர் அதன்மேல் மிதந்தும் நிற்கின்றன. இவ்விரண்டிற்கும் உள்ள கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் இருவர் தனித்தனியே கண்டறிந்தனர். கடல் மட்டத்திற்கு மேல் நல்ல நீர் ஓர் அடி நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரையில் நல்ல நீர் இருக்கும் என்பதே அக்கணக்கு.

இதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு கிணற்றின் நீர்மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் 5 அடி நிற்கிறது என்று வைத்துக்கொள்க. அப்பொழுது கீழே சுமார் 200 அடி வரையில் நல்ல நீர் உண்டு. அதிகமாக இறைத்ததனால் நீர்மட்டம் 2 அடிக்கு இறங்கிவிட்டால், கீழே நல்ல நீரின் ஆழம் சுமார் 80 அடியாகச் சுருங்கும். மேலே காணாமற் போனது 3 அடியே. கீழே உப்புக்குப் பறிகொடுத்ததோ 120 அடி! கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவருக்கு மூன்றடிதான் தெரியும். மற்றது தெரியாது. நீர்மட்டம் கடல் மட்டத்திற்கும் கீழே போய்விட்டால், கடலுக்குச் செல்லவேண்டிய நீரோட்டம் திரும்பி, கடல் நீரே ஊரை நோக்கி மண்ணுக்குள் நடந்துவரத் தொடங்கும்.

இப்படியே 1969-ஆம் வருஷத்தளவில் கரையிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வரையில் இருந்த உப்பின் எல்லை, 1983-ஆம் வருஷத்தளவில் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. அதாவது, மீஞ்சூரின் சமீபத்திற்கே வந்து சேர்ந்தது. அதன் பிறகு செய்த ஆராய்ச்சிகளில் பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்நாட்டில் உப்பு காணப்பட்டது.

உப்பேறிய கிணற்று நீர் குடிப்பதற்கு உதவாது, பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வயலில் பாய்ச்சினால் பயிர் கருகும்; மண்ணும் நாளடைவில் உவர் பாரிக்கும். பாட்டன் வெட்டிய கிணறு வீட்டுப் புழக்கடையிலேயே இருக்க, பேரன் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்கின்றான். வரப்போரத்துக் கிணறு பாழாகிவிட்டால் அந்நிலத்தின் கடன் வாங்கும் யோக்கியதையும் குறையும். சங்கம் முன்பு கொடுத்த பயிர்க் கடனும் வசூலாவது அரிதாகும். நீரின் முதல் அழிந்தால் பணத்தின் முதலும் கூடவே அழியும் என்பதை அங்கத்தினர்கள் மறக்கலாகாது.

உட்புகுந்த உப்பை வெளியே தள்ளுவது மிகவும் தாமதமான காரியம். ஒரு வருஷத்து வெள்ளத்தினால் நீர்மட்டம் உயரலாம். ஆனால் மணலிலும் களியிலும் பற்றிய உப்புக் கழுவிப் போவதற்குப் பல வருஷங்கள் தொடர்ந்து நல்ல நீர் இறங்கவேண்டும். கெடுப்பதற்கு ஒரு தலைமுறை போதும். செப்பனிடுவதற்கு அது போதாது.

5. செய்யப்பட்ட பரிகாரங்கள்

சர்க்காரும் வாளாவிருக்கவில்லை. 1987-ஆம் வருஷத்தில் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. சென்னை நகருக்கும் சுற்றிலுமுள்ள பல கிராமங்களுக்கும் உரிய அச்சட்டத்தின்படி, கிணறு இறக்குவதற்கும் நீரை லாரிகளில் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி பெறவேண்டும். 2003-ஆம் வருஷத்தில் தமிழ்நாடெங்கும் கட்டிடங்களில் மழைநீர் சேகரிப்பு அமைப்பது கட்டாயமாக்கப்பட்டது. ஆரணியாற்றிலும் கொசஸ்தலையாற்றிலும், ஓடும் வெள்ளத்தைத் தேக்கி மண்ணுக்குள் இறக்குவதற்காகத் தடுப்பணைகள் கட்டப்பட்டுள்ளன. 2019-ஆம் வருஷத்தில், சென்னைக் கொடுங்கையூரில் கழிவு நீரை மிக நன்றாகச் சுத்திகரித்து, மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வரை அனுப்பும் நிலையம் தொடங்கப்பட்டது. தொழிற்சாலைக்குக் குடிநீர் வேண்டியதில்லை என்ற எளிய உண்மை இதனால் காரியத்திற்கு வந்தது.

மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளியில் 2010-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நல்ல நீர் தரும் அளவுள்ளது. ஒரு லிட்டர் நல்ல நீர் பெறுவதற்கு இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட கடல் நீரை எடுத்து, மிகுந்த அழுத்தத்தோடு நுண்ணிய சவ்வுகளின் வழியே செலுத்தவேண்டும். அதற்கு மின்சாரம் ஏராளமாகச் செலவாகும். மிஞ்சிய கடும் உப்பு நீரைத் திரும்பவும் கடலில் விடவேண்டும். நகரத்தின் தாகத்திற்கு இது அவசியமாயிற்று. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அங்கத்தினர்கள் ஒரு கணக்கை மனத்திற் கொள்ளவேண்டும். மண்ணும் மழையும் கூலியின்றிச் செய்துவந்த வேலையை இப்பொழுது யந்திரம் கூலி வாங்கிக்கொண்டு செய்கின்றது. இழந்த பொதுச் செல்வத்தின் விலை என்ன என்று கேட்பவருக்கு அந்நிலையத்தின் மின்சாரச் செலவே ஒரு விடையாகும்.

6. நீரை விற்றதில் அடங்கிய பாடம்

2000-ஆம் வருஷத்திற்குப் பின் நேர்ந்த பஞ்ச காலங்களில், நகரத்தின் தேவைக்காக இவ்வடிநிலத்து விவசாயிகளின் கிணற்று நீர் விலைக்கு வாங்கப்பட்டது. நெல் பயிரிட்டு வரும் லாபத்தைவிட நீரை விற்று வரும் ரொக்கம் பலருக்கு அதிகமாயிருந்தது. பஞ்சத்தில் தாகத்தால் வருந்தும் நகரத்தாருக்கு நீர் கொடுப்பது தர்மமேயாகும். விற்றவர்களும் தங்கள் குடும்ப நன்மைக்காகவே விற்றனர்.

ஆனால் இங்கே கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று உண்டு. விற்கப்பட்ட நீர் அந்த ஒருவருடைய கிணற்றின் அடியிலிருந்து மட்டும் வந்ததா? பம்பு இல்லாத ஏழையின் ஆழமற்ற கிணற்று நீரும் அதில் சேர்ந்து போனதா? கிடைத்த ரொக்கத்தில் எவ்வளவு திரும்பவும் நீரைச் சேர்ப்பதற்குச் செலவாயிற்று? நிலத்தின்மேல் வரப்பு உண்டு. நிலத்தின் கீழே வரப்பு இல்லை. ஆதலால் ஒருவர் கிணற்றில் விற்கப்படும் நீர் ஊர்ப் பொதுக் களஞ்சியத்திலிருந்து அளக்கப்படுவதே. அதில் வரும் பணத்தில் ஒரு பங்கு ஏரிக்கும் வரத்துக் காலுக்கும் போய்ச் சேருமானால் அது வியாபாரம். அப்படிச் சேராவிட்டால் விதைநெல்லைக் குற்றித் தின்பதற்கே ஒப்பாகும்.

தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் பெருகிவரும் இப்பிரதேசத்தில் நிலத்தின் விலையும் உயர்ந்திருக்கின்றது. நிலம் விற்ற பணமும், நிலம் எடுத்ததற்கு நஷ்டஈடாக வந்த பணமும் வருமானம் அல்ல. உருவம் மாறிய முதலே. அதைக் கல்யாணச் செலவிலும் ஆடம்பரத்திலும் கரைப்பவர் சந்ததியாரின் நிலத்தை இரண்டாம் முறை விற்றவராகிறார். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்ற பழமொழியை அறியாதார் இல்லை, அனுசரிப்பவரே சிலர்.

7. முன்னோர் கையாண்ட முறை

முதலைத் தொடாமல் விருத்தியைக் கொண்டு காரியம் நடத்துவது தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுக்களில் நந்தாவிளக்கு எரிப்பதற்காக ஆடுகள் விடப்பட்ட செய்தி பல இடங்களிற் காணப்படுகின்றது. ஒரு விளக்கிற்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். கிழடானதும் இறந்ததும் போக, குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கை குறையாமல் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆகையால் அவை சாவா மூவாப் பேராடுகள் எனப்பட்டன. ஒவ்வோர் ஆடும் சாகும், மந்தை சாகாது. நெய் செலவாகும், முதல் செலவாகாது. இதைவிடத் தெளிவாகச் சேமநிதியின் தத்துவத்தை விளக்குவது அரிது.

ஏரிகளின் விஷயத்திலும் இவ்வாறே. ஏரியைத் தூர் எடுப்பதற்கும் கரையைப் பலப்படுத்துவதற்கும் தனியாக நிலம் விடப்பட்டு, அதன் வருவாய் ஏரிக்கே செலவாயிற்று. அந்நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய வருஷங்களில் வெட்டப்பட்ட கல்வெட்டுக்கள் ஊர்ச்சபையின் வாரியங்களைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. அவற்றுள் ஏரி வாரியமும் ஒன்று. அதன் அங்கத்தினர் அறுவர். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமற் போனவர் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தகுதி இல்லை. பொதுச் சொத்தைக் கையாளுபவர் கணக்குக் காட்டுவதே முதற் கடமை என்பதை ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே ஊரார் கல்லில் எழுதிவைத்தனர்.

8. சங்கத்தின் சேமநிதி

சர் பிரடெரிக் நிக்கல்ஸன் சென்னை இராஜதானியில் விவசாய பாங்குகள் ஏற்படுத்துவதைப்பற்றி ஆராய்ந்து 1895, 1897 ஆகிய வருஷங்களில் அறிக்கைகள் வெளியிட்டார். ஜெர்மனி தேசத்தில் ரெய்பைஸன் என்பவர் ஏற்படுத்திய கிராம நாணயச் சங்கங்களை அவர் சிறந்த வழிகாட்டியாகக் கருதினார். அச்சங்கங்களின் முக்கியமான விதிகளுள் ஒன்று, சேமநிதியை அங்கத்தினர்கள் எக்காலத்தும் பங்கிட்டுக் கொள்ளலாகாது என்பது. 1904-ஆம் வருஷத்தில் இந்தியாவின் முதலாவது கூட்டுறவுச் சட்டம் வந்தது. அவ்வருஷத்திலேயே இந்தத் திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்த திரூர்க் கிராமத்தில் விவசாயிகளின் நாணயச் சங்கம் தோன்றி, நாட்டிற்கே முன்னோடியாயிற்று. 1912-ஆம் வருஷத்துச் சட்டமோ, நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேமநிதியில் சேர்த்த பிறகே மற்றக் காரியங்களுக்குப் பணம் ஒதுக்கலாம் என்றது. தமிழ்நாட்டில் இப்போது அமலிலுள்ள 1983-ஆம் வருஷத்துச் சட்டமும் லாபத்தின் ஒரு பகுதியைச் சேமநிதிக்கு ஒதுக்கும்படி கட்டளையிடுகின்றது.

இவ்விதியைக் குறித்து அங்கத்தினர்கள் சிலர் முணுமுணுப்பதுண்டு. இந்த வருஷத்து லாபம் எங்களுடையதே. எங்கள் காலத்திலேயே பங்கு லாபமாகக் கொடுத்துவிட்டால் என்ன என்பது அவர்கள் வாதம். இதற்கு விடை கணக்கிலேயே உள்ளது. ஒரு சங்கத்தின் நிகர லாபம் வருஷத்திற்கு ரூ. 1,00,000 என்று வைத்துக்கொள்க. நாலில் ஒரு பங்கான ரூ. 25,000 வருஷந்தோறும் ஒதுக்கப்பட்டால், இருபது வருஷங்களில், வட்டியைச் சேர்க்காமலே, ரூ. 5,00,000 ஆகின்றது. இத்தொகையை வெளியிலிருந்து 7 சதவிகித வட்டிக்கு வாங்கியிருந்தால் வருஷத்திற்கு ரூ. 35,000 வட்டி கட்டவேண்டும். அந்தச் செலவு மிச்சமாவதால் கடனுக்கு வட்டி குறைக்கலாம்; மழை தவறிய வருஷத்தில் வசூல் தாமதித்தாலும் சங்கம் அசையாமல் நிற்கும். அதே தொகையை 500 அங்கத்தினர்கள் வருஷந்தோறும் பங்கிட்டிருந்தால் ஒருவருக்கு ரூ. 50 கிடைத்திருக்கும். அந்த ஐம்பது ரூபாய் எங்கே போயிற்று என்று இருபது வருஷத்திற்குப்பின் ஒருவராலும் சொல்ல இயலாது.

9. பிற தேசங்களின் அனுபவம்

பசிபிக் சமுத்திரத்திலுள்ள நவுரு என்பது மிகச் சிறிய தீவு. அதில் பயிர்களுக்கு எருவாகும் பாஸ்பேட் என்னும் கனிப்பொருள் நிறைந்திருந்தது. 1907-ஆம் வருஷத்தில் தொடங்கி அந்நியர்கள் அதை வெட்டியெடுத்து வந்தனர். 1968-ஆம் வருஷத்தில் தீவு சுதந்திரம் பெற்றபின் அச்செல்வம் தீவாரின் கைக்கு வந்தது. எதிர்காலத்திற்கென்று ஒரு நிதியும் வைத்தனர். மெல்பர்ன் நகரத்தில் 52 மாடிகளுள்ள கட்டிடமும் கட்டினர். ஆனால் அந்நிதியைச் சரியாக நிர்வகிக்கவில்லை. வருமானத்துக்கு மேல் செலவழித்தனர், கடன் வாங்கினர், நஷ்டமான காரியங்களில் பணத்தை முடக்கினர். பாஸ்பேட் பெரும்பாலும் தீர்ந்துபோனபோது நிதியும் தீர்ந்திருந்தது. மெல்பர்ன் கட்டிடமும் 2004-ஆம் வருஷத்தில் விற்கப்பட்டது. தீவின் பெரும்பகுதி வெட்டிய பாறைக் குழியாகவே மிஞ்சியது.

வடக்கு ஐரோப்பாவிலுள்ள நார்வே தேசத்தில் 1969-ஆம் வருஷத்தில், மீஞ்சூர்க் கிணறுகளின் ஆராய்ச்சி முடிந்த அதே வருஷத்தில், கடலடியில் பெரிய எண்ணெய் ஊற்றுக் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெய் ஒருநாள் தீரும் என்பதை அந்நாட்டார் முன்கூட்டியே உணர்ந்தனர். 1990-ஆம் வருஷத்தில் சட்டம் இயற்றி, 1996-ஆம் வருஷத்தில் முதன்முதலாகப் பொது நிதியில் பணம் போட்டனர். அந்நிதியிலிருந்து வருஷத்திற்கு ஏறக்குறைய 4 சதவிகிதமே செலவழிக்கலாம் என்று 2001-ஆம் வருஷத்தில் விதி வகுத்தனர். 2017-ஆம் வருஷத்தில் அதை 3 சதவிகிதமாகக் குறைத்தனர். நிதியிலிருந்து எதிர்பார்க்கும் வருவாய் குறைந்ததும் செலவின் எல்லையையும் குறைத்துக்கொண்டனர் என்பதே இதில் கவனிக்கத் தக்கது.

நிதி ஒன்றை ஏற்படுத்துவதனால் மட்டும் பொதுச் செல்வம் காக்கப்படமாட்டாது என்பது இவ்விரண்டு தேசங்களின் வரலாற்றால் விளங்கும். நவுருவிலும் நிதி இருந்தது. செலவிற்கு எல்லையும், ஒழுங்கான கணக்கும், கணக்கைக் கேட்கும் ஜனங்களும் இருந்தாலன்றி நிதி நிலைக்காது.

10. சங்கங்கள் செய்யவேண்டியவை

இவற்றைக் கொண்டு ஒவ்வொரு கிராமச் சங்கமும் பஞ்சாயத்தாரோடு கலந்து கீழ்க்கண்ட ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம்.

(அ) கிணற்றுப் பதிவேடு. ஊரில் ஐந்தாறு கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, தை மாதத்திலும் வைகாசி மாதத்திலும் தரையிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று கயிறு விட்டு அளந்து எழுதவேண்டும். இதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு கயிறுமே. தையில் எழுதிய மட்டம் வருஷத்திற்கு வருஷம் தாழ்ந்து வருமானால் முதல் கரைகிறது என்று பொருள்.

(ஆ) உப்புப் பரிசோதனை. அதே கிணறுகளின் நீரை வருஷத்திற்கு இருமுறை பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பி, வந்த விடையைப் பதிவேட்டில் ஒட்டவேண்டும். நாக்கு அறியுமுன் பரிசோதனை அறியும். உப்பு ஏறும் கிணற்றில் உடனே இறைப்பைக் குறைக்கவேண்டும். குழாயை ஆழப்படுத்துதல் உப்பைக் கூவி அழைப்பதாகும்.

(இ) ஏரியும் வரத்துக் காலும். முன்பு குடிமராமத்து என்ற பெயரால் ஊரார் கூடிச் செய்த வேலையை மறுபடியும் வழக்கத்திற்குக் கொண்டுவரவேண்டும். ஐப்பசி மழைக்கு முன்பு வரத்துக் காலில் அடைந்த புதரும் மண்ணும் நீக்கப்படவேண்டும். ஏரியில் நிற்கும் ஒவ்வோர் அடி நீரும் மேலே பாசனத்திற்கு உதவுவதோடு, கீழே இறங்கி உப்பைத் தள்ளி நிறுத்துகின்றது. ஆற்று மணலும் அத்தகையதே. மணல் போன ஆற்றில் வெள்ளம் தங்காமல் கடலுக்கு ஓடும்.

(ஈ) பயிர் ஏற்பாடு. கோடையில் நீர் அதிகம் வேண்டும் நெல்லுக்குப் பதிலாக உளுந்து, பச்சைப்பயறு, எள் முதலியவற்றை இடுவோருக்கு விதையும் பயிர்க் கடனும் முந்திக் கிடைக்கும்படி சங்கம் உதவலாம்.

(உ) நீர் விற்ற பணம். நீரை விற்க நேருமாயின், சட்டப்படி அனுமதி பெற்று, வரும் தொகையில் ஒரு பங்கை ஏரிக்கென்று தனிக் கணக்கில் வைப்பதாக ஊரார் தீர்மானம் செய்துகொள்ள வேண்டும். இதுவே இக்காலத்து ஏரிப்பட்டியாகும்.

(ஊ) கணக்கு வாசித்தல். மகாசபைக் கூட்டத்தில் பணக் கணக்கோடு நீர்க் கணக்கையும் உரக்க வாசிக்கவேண்டும். போன வருஷம் சேமநிதி எவ்வளவு, இவ்வருஷம் எவ்வளவு? போன தையில் நீர்மட்டம் எத்தனை அடி, இந்தத் தையில் எத்தனை அடி? இவ்விரண்டு விடைகளும் தெரியாத அங்கத்தினர் ஒருவரும் ஊரில் இருக்கலாகாது.

11. முடிவுரை

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பர் பெரியோர். கிணற்றில் நீர் தித்திப்பாயிருக்குங் காலத்தில் அதை ஐசுவரியம் என்று எவரும் எண்ணுவதில்லை. கரித்த பின்பே அருமை தெரிகின்றது. கண்ணுக்குத் தெரியாத செல்வத்தைக் கணக்கினாலேயே காணவேண்டும், கண்டபின் காக்கவேண்டும். மீஞ்சூரிலிருந்து உள்நாட்டை நோக்கியுள்ள பல கிராமங்களில் இன்னும் நல்ல நீர் உண்டு. அக்கிராமத்துச் சங்கங்கள் விழித்துக்கொள்வதற்குக் காலம் கடந்துவிடவில்லை. உப்பேறிய ஊர்களிலும் ஏரியில் நிற்கும் நீரினால் உப்பு மேலும் முன்னேறாமல் தடுக்க இயலும். முன்னோர் வைத்துப்போன மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பின்னோர் கையில் ஒப்படைப்பதே இன்றிருப்பவர்களின் கடனாகும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்கவேண்டிய கேள்விகள்

1. உங்கள் ஊரின் பொதுச் செல்வங்கள் எவை? அவற்றுள் எவற்றிற்குக் கணக்கு உண்டு? எவற்றிற்கு இல்லை?

2. கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் 4 அடியிலிருந்து 1 அடிக்கு இறங்கினால், கீழே நல்ல நீரின் ஆழம் எவ்வளவு குறையும்?

3. ஒருவர் தம் நிலத்துக் கிணற்று நீரை விற்பது அடுத்த நிலத்தாரை எங்ஙனம் பாதிக்கும்?

4. உங்கள் சங்கத்தின் சேமநிதி பத்து வருஷங்களுக்கு முன் எவ்வளவு? இப்போது எவ்வளவு?

5. நவுருவில் நிதி இருந்தும் செல்வம் அழிந்தது ஏன்? நார்வேயின் விதிகளுள் எதை உங்கள் சங்கம் பின்பற்றலாம்?

6. வரும் ஐப்பசிக்கு முன் உங்கள் ஊர் ஏரியின் வரத்துக் காலில் செய்யவேண்டிய வேலை என்ன? அதற்கு யார் பொறுப்பு?